எர்மென்சியாவின் குரலும் ஒன்பது நாள் மௌனமும்

எர்மென்சியா யோபசா தன் பசுவைக் கூப்பிட்டால் எதிர்மலையில் மேயும் பசுக்களும் தலையைத் தூக்கிப் பார்க்கும். ஆள் குள்ளம். ருவானாக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உருளைக்கிழங்கு வயலில் குனிந்து நின்றால் இருக்கும் இடமே தெரியாது. வாயைத் திறந்தால்தான் தெரியும்.

அவளுடைய கல்யாணமே அந்தக் குரலால் ஊரறிந்தது. பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் ஏர் ஓட்டிக்கொண்டிருந்த இசௌரோ என்ற இளைஞன், அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு, கூச்சத்தோடு ஒரு கடிதம் எழுதி ஆள்மூலம் அனுப்பியிருந்தான். இவள் படித்துவிட்டு, எழுதத் தாள் கிடைக்காததால் வரப்பில் ஏறி நின்று, "சரி, வந்து எங்கப்பாகிட்ட கேளு" என்று கத்தினாள். மூன்று ஊர்களில் கேட்டது. அன்று மாலைக்குள் இசௌரோவுக்கு வாழ்த்து சொல்ல ஆட்கள் வந்துவிட்டார்கள். அவள் அப்பாவுக்குத்தான் கடைசியில் தெரிந்தது.

தொலைபேசி வராத காலத்தில் பிறப்பும் இறப்பும் அவள் குரலில்தான் மலை ஏறின. இப்போதும் பால் லாரியை நிறுத்துவது அவள்தான். அலைபேசிக்கு ஊரில் ஒரே ஒரு பாறைமேல்தான் சிக்னல் கிடைக்கும். அந்தப் பாறைக்கு ஏறுவதைவிட எர்மென்சியாவிடம் சொல்வது சுலபம்.

அந்தக் குரல் போகக்கூடாத ஒரே இடம் சியாட்டோகா ஏரி.

ஏரி ஊருக்கு மேலே, உருளைக்கிழங்கு வயல்கள் முடிந்து, சாம்பல் நிற ரோமம் போர்த்த இலைகளோடு ஃப்ரைலெகோன் செடிகள் ஆள் உயரம் நிற்கும் இடத்தையும் தாண்டி, ஒரு கிண்ணத்துக்குள் கிடக்கிறது. அப்படி ஒரு ஏரியிலிருந்துதான் முதல் தாய் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு கரையேறி வந்தாள். மலைகளையெல்லாம் பிள்ளைகளால் நிறைத்துவிட்டு, கிழவியானதும் பாம்பாகித் தண்ணீருக்கே திரும்பிப் போனாள். அந்தப் பிள்ளைகளின் வழிவந்த இவ்வூர் முயிஸ்காக்கள் அவளுக்குப் பருத்திநூலும் மக்காச்சோளமும் கொண்டுபோய் வைப்பார்கள். அங்கே யாரும் கல் எறியமாட்டார்கள், கத்தமாட்டார்கள். கத்தினால் ஏரிக்குக் கோபம் வரும். பனிமூட்டம் இறங்கும், அதன் பின்னால் ஆலங்கட்டி.

எர்மென்சியா பத்து வயதில் ஒரே ஒருமுறை அங்கே போயிருக்கிறாள். ஊரே நூலோடும் மெழுகுவர்த்தியோடும் கரையில் நின்றபோது, ஒரு வாத்து நீல அலகால் தன் நெஞ்சிலேயே அடித்து அடித்துத் தண்ணீரில் குமிழி விடுவதைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிப்பு ஏரியை ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. மூட்டம் இறங்கியது, மெழுகுவர்த்திகள் அணைந்தன. அதன்பிறகு யாரும் அவளை மேலே கூட்டிப்போகவில்லை. நாற்பத்து நான்கு வருடங்களாகக் கீழேயிருந்து அந்த மூட்டத்தைத்தான் பார்த்தாள். தண்ணீரைப் பார்க்கவில்லை.

ஏரிக்குக் காவலர் இருவரை முயிஸ்கா சபை வருடந்தோறும் தேர்ந்தெடுக்கும். மூன்று வருடம் தொடர்ந்து எர்மென்சியா கை தூக்கினாள். மூன்று வருடமும் சபை சிரித்தது. நான்காவது வருடம் சபைத் தலைவி ரோசல்பினா சௌத்தா சிரிக்கவில்லை. அவள் எர்மென்சியாவோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள்.

"ஏண்டி, உனக்கு எதுக்கு இந்த வேலை? மேல குளிரு எலும்பைக் கடிக்கும்."

"பாக்கணும்டி. சாகறதுக்குள்ள ஒரு வருஷமாவது அந்தத் தண்ணி பக்கத்துல உக்காந்து பாக்கணும்."

"மெதுவாப் பேச வருமா?"

"வருமே" என்றாள் எர்மென்சியா. வெளியே கட்டியிருந்த குதிரை மிரண்டது.

கடைசியில் மூன்று மாதத்துக்குத் தந்தார்கள். தக்ளி சுற்றும் சத்தத்துக்கு மேல் குரல் எழும்பக்கூடாது. மூன்று மாதம் தாக்குப்பிடித்தால் வருடம் முழுக்க அவள்தான் காவல். தவறினால் காவலுக்குத் தரும் கோலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவள் வீட்டில் கிசுகிசுத்துப் பழகினாள். இசௌரோ எதிரே உட்கார்ந்து, கேட்கவில்லை என்று தலையசைத்தால் தேறிவிட்டதாகக் கணக்கு.

இன்னொரு காவலன் பௌதிலியோ கெக்கான், இசௌரோவின் சித்தி மகன். வேலிக்கு அந்தப் பக்கம்தான் அவன் வீடு.

"அண்ணி, உன் கூட முப்பது வருஷம் குடித்தனம் பண்ணதுல அண்ணனுக்குப் பாதிக் காது போச்சு. அவருகிட்டயா பரீட்சை எழுதுற?" என்றான்.

"உன் பொண்டாட்டி உன்கூட இருந்து முழுக்காதும் மூடிக்கிட்டா கொழுந்தனாரே. அதுக்கு என்ன சொல்ற?"

ஆனால் மேலே போனதும் அவள் உண்மையிலேயே மாறிவிட்டாள். கடைசி ஃப்ரைலெகோன் திருப்பத்தில் வாயை மூடினால் திரும்பி வரும்போதுதான் திறப்பாள். கரையில் உட்கார்ந்து பஞ்சு நூற்றாள். கோரைக்குள் சிவப்பு அலகு நீர்க்கோழிகள் சண்டை போடுவதையும், விடிந்ததும் மான்கள் தண்ணீர் குடிக்க வருவதையும் பார்த்தாள். பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் ஏரியின் அந்தக் கரையில் கோரைகளை வளைத்துக் கட்டிய ஒரு கூடு தென்பட்டது. அதில் உட்கார்ந்திருந்தது அதே இன வாத்து. பக்கத்திலேயே நீல அலகுக்காரன் நெஞ்சில் அடித்துக் குமிழி விட்டுக்கொண்டிருந்தான். அந்த இனம் சியாட்டோகாவில் கடைசியாகக் கூடு கட்டி இருபது வருடம் ஆகிறது. எர்மென்சியா ருவானாவைப் பந்தாகச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

மார்ச் நடுவில் நாய்கள் வந்தன. யாரோ வளர்த்து மலையடிவாரத்தில் விட்டுப்போனவை, இப்போது கூட்டம் சேர்ந்து மான்குட்டிகளை விரட்டுபவை. ஐந்து இருந்தன. அவை கூடு இருந்த கரையில் மோப்பம் பிடித்துக்கொண்டு கோரைக்குள் இறங்குவதை எர்மென்சியா இந்தக் கரையிலிருந்து பார்த்தாள். நடுவில் தண்ணீர். சுற்றி ஓடினால் அரைமணி நேரம். கல் எறியக்கூடாது, எறிந்தாலும் போய்ச் சேராது. அவள் கோலை ஆட்டினாள், ருவானாவைக் கழற்றி வீசிக் காட்டினாள். நாய்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதல் நாய்க்கும் கூட்டுக்கும் இடையே நாலடிதான் இருந்தது.

எர்மென்சியா கத்தினாள்.

வார்த்தை ஒன்றும் இல்லை, வெறும் குரல். ஏரி அதை வாங்கி இரண்டு சுற்று சுற்றிக் கொடுத்தது. எந்தப் பக்கமிருந்து ஆள் வருகிறது என்று தெரியாமல் ஐந்து நாய்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஓடின. வாத்து கூட்டிலேயே இருந்தது, கழுத்தை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டது.

பத்து நிமிடத்தில் மூட்டம் இறங்கியது. பிறகு ஆலங்கட்டி. சுண்டைக்காய் அளவுக் கட்டிகள் ஏரிக்கு அடுத்துக் கீழே இருந்த மேலூர் வயல்களில் பூத்து நின்ற உருளைச் செடிகளை மொட்டையடித்தன. அதிகம் அடிபட்டது பௌதிலியோவின் வயல்.

சபை அன்று சாயங்காலமே வட்டக் குடிசையில் கூடியது. பௌதிலியோ நனைந்த தொப்பியோடு நின்றான். அவன் முகத்தில் எப்போதும் இருக்கும் கேலி இல்லை.

"நான் கீழ என் வயல்ல நிக்கிறேன். அங்க கேட்டுது. என் காதால கேட்டேன். அப்புறம் என் பூவெல்லாம் போச்சு. வேற என்ன சொல்ல?"

யாரோ ஒருவர், மார்ச் மாதத்தில் ஆலங்கட்டி பெய்வது புதிதல்ல என்றார். தலைவி எர்மென்சியாவைப் பார்த்தாள்.

"மார்ச்சுல பெய்யும்தான்" என்றாள் எர்மென்சியா. அவளுக்கு அழுகை முட்டியது. "ஆனா நான் கத்துனது கத்துனதுதான். ஏரிக்குக் கோபம் வந்திருக்கும். தெரிஞ்சேதான் கத்துனேன். வாத்தை விட்டுட்டு வர முடியல."

தலைவி பக்கத்தில் இருந்தவர்களோடு தலையைச் சேர்த்துப் பேசிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒன்பது நாள். தினம் விடியக்காலம் நூல் நூத்துக்கிட்டே ஏரியைச் சுத்திவா. ஒன்பது நூலையும் தண்ணிகிட்ட வெச்சு மன்னிப்புக் கேளு, மனசுக்குள்ள. மேலயும் சரி, கீழயும் சரி, ஒரு வார்த்தை வாயிலேருந்து வரக்கூடாது. வந்தா கோலைக் குடுத்துடணும், அடுத்த வருஷம் கேக்கவும் கூடாது. முடிச்சுட்டு வா, அப்புறம் பேசுவோம்."

"ஒன்பது நாளா? அண்ணியா?" என்றான் பௌதிலியோ. அத்தனை துக்கத்திலும் குடிசைக்குள் சிரிப்பு எழுந்தது.

முதல் நாள் கரேத்தா வீட்டுக்கு வரவில்லை. அது வெள்ளை முகமுள்ள பசு, எர்மென்சியா கூப்பிட்டால்தான் மலையிறங்கும். இசௌரோ தடியை ஊன்றிக்கொண்டு ஏறிப்போய்க் கயிறு போட்டு இழுத்து வந்தான். இரண்டாம் நாள் பால் லாரி நிற்காமல் போய்விட்டது. ஊரின் பாலெல்லாம் திரிந்து, வீட்டுக்கு வீடு பாலாடைக்கட்டி ஆனது. மூன்றாம் நாளிலேயே, "எப்ப முடியுது இவ தண்டனை? நமக்கா அவளுக்கா தண்டனை?" என்று பால்காரப் பெண்கள் தலைவியைக் கேட்டார்கள்.

இசௌரோவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெல்லத் தண்ணீரை ஆற்றி மனைவியிடம் நீட்டுவான், ஏதாவது சொல்வாளா என்று முகத்தைப் பார்ப்பான், பிறகு தானே பேசுவான். "முப்பது வருஷமா நான் பேசுனதே இல்ல போல. இப்பத்தான் என் குரலே எனக்குக் கேக்குது. நல்லாவே இல்ல." எர்மென்சியா அவன் கன்னத்தைத் தட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொள்வாள். சிரித்தால் சத்தம் வந்துவிடும் என்று பயம்.

பௌதிலியோ சும்மா இருப்பானா? நான்காம் நாள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

"அண்ணி, கரேத்தா என் முட்டைக்கோஸைத் தின்னுது. ஒரு சத்தம் குடேன்."

அவள் ஓர் உருளைக்கிழங்கை எடுத்து எறிந்தாள். சரியாகத் தொப்பியில் பட்டது.

"எறியறதுக்கும் தண்டனை இருக்கணும்" என்றான் அவன். அவன் கேலியில் வழக்கமான சுரத்து இல்லை. மொட்டையான வயலைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு வயிறு எரிந்தது. அவளைப் பார்த்தால் அது கொஞ்சம் ஆறிப்போவதும் அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

ஏழாம் நாள் விடியற்காலை பௌதிலியோவின் காவல் முறை. அவன் ஏரிக்கு ஏறி வந்தபோது எர்மென்சியா ஏழாவது நூலை நூற்றுக்கொண்டு பாதிக் கரை சுற்றியிருந்தாள். அவளுடைய முதுகு மட்டும் தெரிந்தது. பிறகு அந்த முதுகு அசையாமல் நின்றுவிட்டது. என்ன ஆயிற்றோ என்று அவன் வேகமாக நடந்து பக்கத்தில் வந்தான்.

கோரை விலகியது. தாய் வாத்து வெளியே வந்தது. அதன் பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று. கொஞ்சம் தாமதமாக, வழிதவறிவிட்ட பதற்றத்தோடு நாலாவது. பழுப்புப் பஞ்சு உருண்டைகள். தாய் முக்குளித்தது, நாலும் ஒரே நேரத்தில் முக்குளித்தன. தண்ணீர் வெறுமையானது. பிறகு ஐந்து தலைகள் மேலே வந்தன.

பௌதிலியோவுக்கு இருபது வருடத்துக்கு முந்தைய குஞ்சுகள் ஞாபகம் வந்ததோ என்னவோ, நெஞ்சு விரிந்தது. தொப்பி கையில் ஏறியது. வாய் திறந்தது. தான் எங்கே நிற்கிறோம் என்பதே அவனுக்கு மறந்துபோயிற்று.

எர்மென்சியா தக்ளியை நழுவவிட்டு, கையிலிருந்த பஞ்சு மொத்தத்தையும் அந்த வாய்க்குள் திணித்தாள். இன்னொரு கையால் அவன் பிடரியைப் பிடித்து அமுக்கி உட்காரவைத்தாள். இரண்டுபேரும் சேற்றில் உட்கார்ந்தார்கள். அவன் கண்ணில் நீர் வழிந்தது. பஞ்சாலா மகிழ்ச்சியாலா என்று அவள் கேட்கமுடியாது, அவனும் சொல்லமுடியாது. வாத்து கூட்டத்தோடு நிதானமாக அடுத்த கோரைக்குள் போய் மறைந்தது. மூட்டம் இறங்கவில்லை. வெயில்கூட வந்தது.

கீழே இறங்கியதும் பௌதிலியோ நேராகத் தலைவி வீட்டுக்குப் போனான். அவள் பால்முட்டைக் கஞ்சியில் ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் கத்தப் பாத்தேன்" என்றான் உட்காராமலே. "குஞ்சைப் பாத்துட்டு. அண்ணிதான் வாயை அடைச்சா. அவ ஒரு மூச்சுகூட விடல. அவளுக்கு அழுகை வந்துச்சு, அதையும் சத்தமில்லாம அழுதா."

"பல்லுல என்னடா வெள்ளையா?"

"பஞ்சு."

அந்தச் சேதி சாயங்காலத்துக்குள் ஊரைச் சுற்றியது. பௌதிலியோ முதலில் ஆறு குஞ்சு என்றான். பால் லாரி ஓட்டுநரிடம் எட்டு. மேலூரில் சொல்லும்போது பதினொன்று. யாரும் நம்பவில்லை. நம்பகமாகச் சொல்லக்கூடிய ஒரே ஆளுக்கு இன்னும் இரண்டு நாள் வாய்ப்பூட்டு. அந்த இரண்டு நாளும் தான் எப்படி இருந்தோம் என்பதை எர்மென்சியா பின்னால் பலமுறை சொன்னாள். நெருப்புக் கங்கை நாக்கில் வைத்திருந்ததுபோல இருந்ததாம். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் பெண்கள் விரலைக் காட்டி, "இத்தனையா? இத்தனையா?" என்றார்கள். விரலால் சொல்வதும் சொல்வதுதான் என்று அவள் கைகளை ருவானாவுக்குள் ஒளித்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் காலை வட்டக் குடிசையில் உட்கார இடமில்லை. வாசலிலும் நின்றார்கள். ஒன்பது நூலும் ஏரியிடம் போய்விட்டன. எர்மென்சியா வெறுங்கையோடு, வாயை இறுக்கிக்கொண்டு நடுவில் நின்றாள். முடிவு தெரியும்வரை அவள் ஒப்படைத்த கோல் தலைவியின் மடியில் இருந்தது.

பௌதிலியோ எழுந்தான். "ஆலங்கட்டி விழுந்ததுல நஷ்டம் எனக்குத்தான். நான் சொல்றேன், கோல் அவகிட்டயே இருக்கட்டும். கத்தக்கூடாதுன்னு எனக்கு வாயால தெரியும். அவளுக்குத்தான் உடம்பால தெரியுது."

வேறு யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று தலைவி சுற்றிப் பார்த்தாள். நாய்களைப் பிடித்துக் கீழே கொண்டுபோக நாலு பேரை நியமித்தார்கள். பிறகு அவள் எழுந்து வந்து கோலை எர்மென்சியாவின் கையில் வைத்தாள்.

"வருஷம் முழுக்க நீதான். இப்ப வாயைத் தொறடி. எத்தனை குஞ்சு?"

எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். இசௌரோ நல்ல காதை அவள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டான். எர்மென்சியா மூச்சை இழுத்தாள்.

"நாலு."

கூரையிலிருந்து வைக்கோல் தூசி உதிர்ந்தது. தூரத்தில், ஒன்பது நாளாகக் கயிற்றில் இழுபட்டே வீடு வந்த கரேத்தா, மலைமேலிருந்து பதில் குரல் கொடுத்துவிட்டுத் தானாக இறங்கி வரத் தொடங்கியது.

"நாலுதானா?" என்று வாசலில் நின்றவர்கள் பௌதிலியோவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான்.