முடி அலங்காரப் பள்ளிக்குக் கட்டிய பணம்

கிள்ளானில் ஒரு சீனப் பெண்மணி முடி அலங்காரப் பள்ளி நடத்துவதாக, கான்வென்டில் என்னோடு படித்தவள் கடிதம் எழுதியிருந்தாள். மூன்று மாதப் படிப்பு, வாரத்தில் மூன்று நாள். நூற்றைம்பது வெள்ளி. கத்தரியும் சீப்பும் முடி சுருட்டும் கம்பிகளும் அவர்களே தருவார்கள். அந்தக் கடிதத்தை மடிப்புக் கிழியும்வரை படித்தேன். சேரலாம் என்று காலையில் தோன்றும். குழந்தைக்குப் பால் கலக்கும்போது, பைத்தியக்காரத்தனம் என்று தோன்றும்.

அது மலாயாவில் அவசரகாலம்; காட்டுக்குள்ளிருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். புக்கிட் ரோத்தானிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயங்களையும் கிராணி வீடுகளையும் சேர்த்து முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். மாலை ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். என் கணவர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. மாதம் ஒருமுறை துரையோடு காரில் கிள்ளான் வங்கிக்குப் போய், ஆட்களுக்கான சம்பளப் பணத்தை எடுத்து வருவது அவர் பொறுப்பு. இருபுறமும் ரப்பர் மரங்கள் நெருங்கி நிற்கும் சாலை. பக்கத்துத் தோட்டத்தில் அப்படிப் போன காரை ஒருநாள் சுட்டுவிட்டார்கள். அதில் செத்துப்போன கிராணியின் மனைவி மூன்றாவது வாரம் வீட்டைக் காலி செய்தாள். புதிதாக வருகிற கிராணிக்கு வீடு வேண்டுமே. அவளுடைய கட்டிலையும் தையல் விட்டுப்போன இரண்டு மெத்தைகளையும் லோரியில் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளும் என்னைப் போல ஏழாவது படித்தவள்தான். கவிதை ஒப்பிக்கத் தெரியும், கைக்குட்டையில் பூப்போடத் தெரியும். அதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?

ஆகவே கணக்குப் போட்டேன். பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து நூற்றெண்பது வெள்ளி ஆகும். ஒரு கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்ய ஐந்து வெள்ளி. சுற்றியிருந்த நான்கு தோட்டங்களில் மாதம் இரண்டு கல்யாணமாவது நடக்காதா? முப்பத்தாறு பெண்கள். ஒன்றரை வருஷத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். பிறகு வருவதெல்லாம் லாபம். என் தங்க வளையல் ஜோடியை விற்றால் முதலுக்குப் போதும்.

வெளிக்காட்டில் ரப்பர் பால் வெட்டிவிட்டு மதியம் வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் லயத்து அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மாசம் ரெண்டா? ஆடியில யாரு கிராணியம்மா கல்யாணம் வைப்பா? மார்கழியில?"

நாங்கள் வேதக்காரர்கள். தவக்காலத்தை மட்டும் கழித்துவிட்டு, மற்ற மாதங்களையெல்லாம் கல்யாண மாதங்களாக எழுதி வைத்திருந்தேன். கான்வென்டில் கணக்கில் முதல் பரிசு வாங்கியவள்.

"சரி, கல்யாணத்த விடுங்க. மத்தவங்களுக்கும் தலை கட்டலாமில்ல?"

"எங்களுக்கா?" அக்கா சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது. "விடியக்காலம் அஞ்சரைக்கு நான் கொண்டை போடறேன். அஞ்சே முக்காலுக்குக் கேட்டுல சோதிக்கிற பொம்பளை அவுத்துப் பாக்கறா, காட்டுக்காரனுக்கு அரிசி ஒளிச்சிக் கொண்டு போறேனான்னு. இதுல நீங்க சுருட்டி வேற விட்டீங்கன்னா, அவ சோதிச்சி முடிக்கிறதுக்குள்ள மரத்துல பாலு வத்திப் போயிரும் லா!"

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் கடிதத்தைக் கிழித்துப் போடவில்லை.

வைகாசியில் அக்காவின் மகளுக்கே கல்யாணம் வந்தது. அலங்காரம் நான் செய்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். பள்ளியில் சேருமுன் கையைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். எண்ணெய் ஊறிய அடர்ந்த முடி, ஊசி நிற்கவில்லை. மூன்று முறை அவிழ்த்துப் பின்னினேன். கடைசியில் லயத்துப் பெண்கள் எல்லோரும் வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தார்கள். "பினாங்கு பொண்ணு மாதிரி இருக்கா" என்றாள் ஒருத்தி. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்து வெள்ளி, ஐந்து வெள்ளி என்று மனம் அடித்துக்கொண்டது.

மறுநாள் அக்கா தாம்பாளத்தோடு வந்தார். வெற்றிலை, பாக்கு, தேங்காய், வாழைப்பழம், ஒரு ரவிக்கைத் துண்டு. என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை, அவர் பதறிவிட்டார்.

"கொறையா இருக்குங்களா கிராணியம்மா?"

"இல்லக்கா. நான் படிச்சிட்டு வந்து இதத் தொழிலா செஞ்சா, ஜனங்க காசு தருவாங்களான்னு..."

"ஒங்களுக்கா? காசா?" அவர் குரலே தாழ்ந்துவிட்டது. "எங்க பேருக்கு நேரா வேல நாளு எழுதறவரு ஒங்க வீட்டுக்காரரு. ஒங்க கையில கூலி வச்சா நாலு பேரு என்ன சொல்லுவாங்க? அது ஒங்களுக்கும் மரியாத இல்ல, எங்களுக்கும் மரியாத இல்ல. ஐயா கிராணியா இருக்கற வரைக்கும் ஒருத்தரும் தர மாட்டாங்க, தாயி."

அக்கா போன பிறகும் தாம்பாளத்தின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். ஐயா கிராணியாக இருக்கிற வரைக்கும். அப்படியானால் அந்த நூற்றெண்பது வெள்ளி எப்போது திரும்பும்? என் கணவர் இல்லாமல் போனால்தான். நான் இத்தனை நாள் போட்ட கணக்கு அதுதானா? வளையல்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டிக்கொண்டே இருந்தேன். பணத்தைக் கட்டினால் அவருடைய சாவை எதிர்பார்ப்பது போல. கட்டாவிட்டால் அந்த லோரி.

வேண்டாம் என்று முடிவு செய்துதான் ராத்திரி என் கணவருக்குச் சாப்பாடு வைத்தேன். அவர் ரவிக்கைத் துண்டைப் பார்த்துவிட்டு, "இதான் ஒன் மொத சம்பளமா?" என்று கேலி செய்தார்.

"நான் சேரலங்க. அதுல வருமானம் இல்ல."

"இங்க இல்ல. கிள்ளான்ல இருக்குமே."

"நம்ம கிள்ளான்லயா இருக்கோம்?"

அவர் ரசத்தை ஊற்றிப் பிசைந்தார். நிமிரவில்லை. "நாளைக்கே எங்க இருப்போம்னு யாருக்குத் தெரியும். போய்ப் படி. எனக்கும் கொஞ்சம் நிம்மதியா இருக்கும்."

அவரும் அதே கணக்கைத்தான் போட்டிருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. என்னிடம் சொல்லாமல், எத்தனை மாதமாகவோ. நான் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டார்.

வளையல்களை விற்று நான் பணம் கட்டப் போன நாள், அவர் வங்கிக்குப் போகும் சம்பள நாளாக அமைந்துவிட்டது. வேறு நாளுக்கு மாற்றலாமா என்று பஸ் வரும்வரை யோசித்தேன். வழியில் துரையின் கார் எங்கள் பஸ்ஸைத் தாண்டிப் போனது. பின்னிருக்கையில், துப்பாக்கி வைத்திருந்த காவலாளுக்குப் பக்கத்தில், அவருடைய தலை தெரிந்தது. பின்கழுத்தில் முடி நீண்டு சட்டைக் காலரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பள்ளி ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கட்டிய பணத்தைத் திருப்பித் தர மாட்டேன், யோசித்துக்கொள் என்று அந்தச் சீனப் பெண்மணி மலாய் மொழியில் இரண்டு முறை சொன்னார். வெள்ளிகளை எண்ணி மேசையில் வைத்தபோது, மாதாவே, இந்தப் பணம் எனக்குத் திரும்பி வரவே வேண்டாம், வீணாகவே போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவர் ரசீது எழுதினார். மையில் என் விரல் பட்டு, தொகை கொஞ்சம் கலைந்தது.

திரும்பி வரும்போது பஸ் தாமதமாகிவிட்டது. கேட்டுக்கு வந்தபோது ஆறாகப் பத்து நிமிஷம் இருந்தது. சோதிக்கிற பெண் என் கொண்டையை அவிழ்த்தாள். அவள் விரல்கள் முடிக்குள் போய்வரும் வரைக்கும், வேலிக்கு உள்ளே துரையின் கார் நிற்கிறதா என்று அவளுடைய தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றது. கொண்டையைக் கட்டாமலேயே வீட்டுக்கு ஓடினேன்.