பீச் மரத்தின் மறுபக்கம்

ரோப் மலையை ஸாரோப் ஊர்க்காரர்கள் ஒரே திசையில்தான் சுற்றுவார்கள். இதில் பக்தி ஒன்றும் இல்லை. தேவாலய வாசலில் கிளம்பிக் காட்டுக்குள் ஏறி, செங்குத்துப் பாறையின் விளிம்போடு நடந்து, பழைய யுத்தத்துச் சிப்பாய்கள் வெட்டிய படிகளில் இறங்கினால் நேரே மது விடுதி வாசல். மாற்றிச் சுற்றுவதென்றால் விடுதியில் தொடங்க வேண்டும். விடுதியில் தொடங்கிய எவனும் அதைத் தாண்டி ஏறியதாக ஊரில் சரித்திரம் இல்லை.

அந்தச் சுற்றுப்பாதைக்கு முப்பத்திரண்டு வருடமாக அடையாளம் போட்டவர் லோவ்ரோ. சிவப்பு வளையம், நடுவே வெள்ளைப் பொட்டு. ஸ்லோவேனிய மலைகளில் நடக்கிற குழந்தைக்கும் அது தெரியும். மரம் அறுக்கும் ஆலையில் வலக்கை விரல் இரண்டை ரம்பத்துக்குக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். மீதி மூன்று விரலால் அவர் போடும் வளையத்தில் குற்றம் சொல்ல ஆள் பிறக்கவில்லை. இதற்குச் சம்பளம் கிடையாது. வருடத்துக்கொரு முறை மலைச் சங்கத்தில் பீன்ஸும் புளித்த முட்டைக்கோஸும் போட்ட சூப்பு, கூடவே கைதட்டல்.

அடையாளம் போடப் புதிதாக வருகிறவர்களுக்குப் பரீட்சை வைப்பவரும் அவரே. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: ஒரு மரத்தில் எத்தனை அடையாளம்? இரண்டு. இப்படி வருகிறவனுக்கு ஒன்று, எதிரே வருகிறவனுக்கு ஒன்று. இதைத் தப்பாகச் சொன்ன ஒரு தபால்காரரை இரண்டு வருடம் தொடர்ந்து தோற்கடித்திருக்கிறார். தன் சொந்தப் பாதையில் மட்டும் லோவ்ரோ ஒரு பக்கம்தான் பூசினார். எதிரே யார் வரப்போகிறார்கள்? ஆண்டறிக்கையில் ‘இரு திசையும் சரி’ என்று முப்பத்திரண்டு தடவை கையெழுத்துப் போட்டபோது, பொய் சொல்கிறோம் என்று அவருக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

அக்டோபரில் காஷ்பெர் என்ற பல் மருத்துவர் பள்ளத்தாக்கிலிருந்து வந்தார். அவருக்கு முழங்கால் வலி. ஏறினால் தொந்தரவில்லை, படி இறங்கினால் உயிர் போகும். ஆகவே விடுதியில் காப்பி மட்டும் குடித்துவிட்டு அங்கிருந்து ஏறினார். மேலே மூடுபனி. பாறையின் அடியிலிருந்து அவரை எடுக்க மீட்புக் குழுவுக்கு இரண்டு நாள் ஆனது. பனிதான் காரணம் என்றது போலீஸ். பனிதான் என்றது சங்கம். பனி மறுத்துப் பேசவில்லை.

அந்த வாரமே லோவ்ரோ தன் வாழ்நாளில் முதல்முறையாக விடுதியிலிருந்து மேலே ஏறினார். மரத்துக்கு மரம் மொட்டைப் பட்டை. தன் பாதையிலேயே இரண்டு இடத்தில் அவருக்கு வழி தப்பியது. உச்சிக்குச் சற்றுக் கீழே பீச் என்னும் பெரிய காட்டு மரம் ஒன்று. பாதை அங்கே இடது பக்கம் மடங்குகிறது. நேரே போவது கரி சுட்டவர்களின் பழைய தடம். அதன் மறுபாதி என்றோ சரிந்துவிட்டதால் இருபத்திரண்டாவது எட்டில் தரை முடிந்துவிடும். மரத்தைச் சுற்றிப் போய்ப் பார்த்தார். மறுபக்கத்தில் அவருடைய வளையம், மிக அழகாக இருந்தது.

சங்கத் தலைவர் யெர்னேயிடம் போய்ச் சொன்னார்.

“அண்ணே, வாயை மூடுங்க,” என்றார் யெர்னேய். “அந்தாள் பொண்டாட்டி ஸ்தாஷா ஞாயித்துக்கிழமை வருது. புருஷன் போன வழியிலேயே போய்ப் பாக்கணுமாம். அதுக்குள்ள அந்த மரத்துல பூசிடுங்க.”

“பூசத்தான் போறேன். இன்னொருத்தன் விழக்கூடாதுல்ல.”

“பூசிட்டு, காஞ்சதும் சாம்பலும் பாசியும் வெச்சுத் தேய்ங்க. இருபது வருஷத்துப் பழசு மாதிரி ஆயிடும்.”

“யோவ், நான் என்ன சர்ச்சுல சாமி படமா வரையுறேன்?”

“நீங்க வரைஞ்சதுதான்ணே இப்பப் பிரச்சனை. உங்க கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தும் இருக்கு. ஞாபகம் வெச்சுக்கங்க.”

பூசியது காய வேண்டுமென்றால் சனிக்கிழமையே போயிருக்க வேண்டும். லோவ்ரோ போகவில்லை. ஞாயிறு விடிந்ததும் இரண்டு வர்ண டப்பாக்களோடு ஏறினார். ஒரு பொட்டலத்தில் அடுப்புச் சாம்பலும் இருந்தது. மனைவி கேட்டதற்கு ‘வழுக்கும் இடத்தில் தூவ’ என்றார். வளையத்தைப் போட்டார். பொட்டை வைத்தார். பொட்டலத்தைப் பிரித்து, வெகுநேரம் பார்த்து, மறுபடி மடித்துப் பையில் வைத்தார். தூரிகையைத் துடைக்கக்கூட இல்லை. மரத்தடியில் உட்கார்ந்தார்.

பத்தரைக்கு ஸ்தாஷா தனியாக ஏறி வந்தாள். நாற்பது வயதிருக்கும். காலில் பெரிய பூட்ஸ், கணவனுடையதாக இருக்கலாம். மரத்தைப் பார்த்ததும் நின்றாள். கையை நீட்டி வளையத்தைத் தொட்டாள். விரல் சிவந்தது.

“ஈரமா இருக்கே.”

“ஆமாம்மா.”

“அன்னிக்கு இருந்துச்சா, ஐயா?”

“இல்ல.”

அவள் மரத்தைச் சுற்றி மறுபக்கம் போனாள்.

“இங்க இருக்கு,” என்றாள். “இங்க மட்டும் ஏன்?”

“நாங்க எல்லாரும் அந்தப் பக்கமிருந்துதாம்மா வருவோம்.”

“அவர் உங்க ஊரு இல்லையே.”

“நான்தான் போடணும். போடல. போட்டேன்னு எழுதிக் குடுத்துட்டேன்,” என்றார். மூன்று விரலும் சிவப்பாக இருந்ததால் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

அவள் நேரே போகும் தடத்தைப் பார்த்தாள். விளிம்புக்கு எத்தனை எட்டு என்று கேட்டாள். சொன்னார். அவள் போகவில்லை.

“மீதிச் சுத்தைக் காட்டவாம்மா? தேவாலயம் வழியா எறங்கிடலாம்.”

“சுத்திப் பாக்க நான் வரல.”

வந்த வழியே திரும்பினாள். பத்தடி விட்டு லோவ்ரோ பின்னால் இறங்கினார். கீழே விடுதியில் யெர்னேய் பிளம் சாராயத்தோடு காத்திருப்பார். சங்கம், போலீஸ், சூப்பு, எல்லாவற்றுக்கும் இனி அவர் மேஜையில்தான் பதில் சொல்ல வேண்டும். லோவ்ரோ அதை நினைத்துக்கொண்டு நடந்தார், அவள் முதல் மரத்தருகே நிற்கும்வரை.

இறங்குகிற திசையில் எல்லா மரங்களிலும் அடையாளம் இருந்தது. இருபதடிக்கு ஒன்று, பளிச்சென்று, ஒன்றுகூடத் தவறாமல். ஸ்தாஷா ஒவ்வொன்றின் முன்னும் நின்று, சிவந்த விரலால் அதைத் தொட்டுவிட்டு, அடுத்ததற்கு நடந்தாள். விடுதிவரை அறுபத்துமூன்று மரங்கள் என்பது லோவ்ரோவுக்குத் தெரியும். அவளை முந்திப்போக அந்தப் பாதையில் இடம் கிடையாது.