இடப்பக்கத்து மனிதர்கள்

சிமெண்ட் ஏற்றும் மூன்று லாரிகளுக்கு அவள் முதலாளி. ஆனால் அந்த ஷெட்டில் யாரும் அவளை முதலாளி என்று கூப்பிட்டதில்லை. மெக்கானிக் முதல் எதிர் டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவள் ‘பாப்பா’தான். அண்ணன் வாயில் சின்ன வயதில் ஒட்டிக்கொண்ட பெயர். மூக்குக் கண்ணாடி வந்த பிறகும், மகள் கல்லூரிக்குப் போன பிறகும் உதிரவில்லை. அப்பா காலமானதும் அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தார், பாப்பா பர்மிட், இன்சூரன்ஸ், டயர் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டாள். லாரிகளோடேயே வளர்ந்தவள்தான். ஆனால் டிரைவர் சீட்டில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில் அண்ணன் பாதி லோடோடு ஷெட்டுக்குத் திரும்பி வந்தார். என்ஜினை அணைத்தார், ஆனால் இறங்கவில்லை.

“என்னண்ணா, உடம்புக்கு ஏதாவதா?”

“ஒரு பொண்ணு, பாப்பா. ஸ்கூட்டர்ல வந்தா. நான் லெஃப்ட்ல திரும்பினேன். கண்ணாடியப் பாத்துட்டுத்தான் திரும்பினேன், சத்தியமா. யாருமே இல்ல. அப்புறம் சத்தம் கேட்டுது.”

அந்தப் பெண் சமயத்தில் குதித்துவிட்டாள். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஸ்கூட்டர்தான் சக்கரத்தடியில் சப்பையாகிப்போனது. யாரும் அண்ணன்மீது பெரிதாகக் குற்றம் சொல்லவில்லை. ஆனாலும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. “எங்கேருந்து வந்தா அவ? காத்துலேருந்தா?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பாப்பாவுக்கு அதன்பின் அடிக்கடி ஒரு கனவு வந்தது. வெளுத்த சாலை, பனிமூட்டம், ஓர் ஆளும் இல்லை. ஆனால் பக்கத்திலேயே சைக்கிள் மணி ஒலித்துக்கொண்டே வரும். திரும்பிப் பார்த்தால் பனிதான்.

லாரிகளில் பக்கவாட்டுக் கேமராவும் எச்சரிக்கை மணியும் பொருத்த அரசாங்கம் மானியம் தருகிறது என்று டயர் கடையில் காதில் விழுந்தது. அன்றே விண்ணப்பித்தாள்.

அண்ணன் சிரித்தார். “இத்தன வருஷம் ரோட்டப் பாத்து ஓட்டினவனுக்கு டிவி பாத்து ஓட்டக் கத்துக்குடுக்கப் போறியா?”

“டிவில சீரியல் வராது, கவலப்படாத.”

விண்ணப்பம் போன வேகத்தில் திரும்பி வந்தது. எதற்காகத் தேவை என்பது தெளிவாக இல்லையாம். பாப்பா மறுபடி எழுத உட்கார்ந்தாள். விபத்தைப் பற்றி எழுதினாள், அடித்தாள், திரும்ப எழுதினாள். எழுதுவது எல்லாமே அண்ணன் பொய் சொல்லித் தப்பிப்பதுபோல ஒலித்தது. பேனாவை மூடிவிட்டு வெளியே வந்தாள்.

காலை வெயில் ஷெட்டுக்குள் சாய்வாக விழுந்திருந்தது. சிமெண்ட் தூசி அதில் மெல்ல நீந்திக்கொண்டிருந்தது. பாப்பா சேலையைச் சொருகிக்கொண்டு அண்ணன் வண்டியின் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். தரை எங்கோ கீழே போய்விட்டது. மாடியில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

“அண்ணா, அந்தப் பொண்ணு வந்த இடத்துல போய் நில்லு.”

அண்ணன் வண்டியைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போனார். காணாமல் போனார்.

“நின்னுட்டியா?”

“நின்னுட்டுத்தானே இருக்கேன்!”

குரல் இருந்தது, ஆள் இல்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அவரும் நடந்துவந்து கரைந்துபோனார். லோடு ஏற்றுபவர்கள், டீக்கடைக்காரர், அவர் மனைவி, வாட்ச்மேன் என்று ஒவ்வொருவராக வந்து கதவோரம் நின்றார்கள். பக்கக் கண்ணாடியில் தூசியும் வெயிலும் மட்டும் தெரிந்தன. “இடிக்காதய்யா”, “என் கால மிதிச்சிட்ட” என்று வெற்றிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது. பாப்பாவுக்கு அந்தக் கனவுக்குள் விழித்தபடி உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது.

சீட்டில் இருந்தபடியே ஒரு போட்டோ எடுத்தாள்: காலியான ஷெட். வாட்ச்மேன் கொஞ்சம் தள்ளிப் போய் இன்னொன்று எடுத்தார்: லாரியை ஒட்டி ஒரு கூட்டம், கல்யாண வீட்டுப் படம்போலப் பல்லைக் காட்டிக்கொண்டு. விண்ணப்பத்தோடு இரண்டையும் அனுப்பினாள்.

சில வாரங்களில் ஓர் அதிகாரி வந்தார். வழுக்கைத் தலை, தணிந்த குரல்.

“அம்மா, ஒரு போட்டோல யாருமே இல்லையே. தப்பா அனுப்பிட்டீங்களோ?”

“இல்ல சார். ரெண்டும் ஒரே நேரத்துல எடுத்ததுதான். ஏறி உக்காந்து பாருங்க.”

அவர் ஏறினார். இவர்கள் எல்லோரும் போய் நின்றார்கள்.

“எல்லாரும் அங்கதான் இருக்கீங்களா?”

“இருக்கோம் சார்!”

“ஒரு தடவ கை தட்டுங்களேன்.”

தட்டினார்கள். அவர் இன்னொரு முறை தட்டச் சொன்னார். இறங்கி வந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், எண்ணிச் சரிபார்ப்பவர்போல.

இரண்டு வண்டிகளுக்கு மானியம் வந்தது. மூன்றாவது அப்பா வாங்கிய வண்டி. அதற்கு வயதாகிவிட்டதென்று தள்ளிவிட்டார்கள். அதை இனி ஊருக்குள் எடுப்பதில்லை என்று அண்ணனே சொல்லிவிட்டார். குவாரிக்குள் மட்டும் ஓடியது.

கேமரா பொருத்திய முதல் நாள் பாப்பாவும் கூடப் போனாள். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சின்னத் திரை. அண்ணன் முதலில் அதைப் பார்க்க மறுத்து முறைப்பாக ஓட்டினார். பிறகு ஓரக்கண்ணால் பார்த்தார். ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி நின்றதும் திரை நிறைந்தது. மின்விசிறியைக் கட்டிக்கொண்டு போகும் சைக்கிள்காரர், ஸ்கூட்டரில் குழந்தையை முன்னால் நிறுத்திய அப்பா, குடைகள், ரிப்பன்கள்.

“இவ்ளோ பேரா பாப்பா,” என்றார் அண்ணன், மெதுவாக. “இத்தன வருஷமா நம்ம பக்கத்துலயே வந்துட்டிருந்தாங்க?”

கடைசி சிக்னலில் ஒரு மாணவி சைக்கிளை நிறுத்தினாள். காலை ஊன்றாமல் லாரியின் பக்கப்பலகையில் ஒரு கையை வைத்துச் சாய்ந்து, வானத்தைப் பார்த்து எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். விளக்கு பச்சைக்கு மாறியது. பின்னால் ஹாரன்கள் அலறின.

“போலாம்ணா,” என்றாள் பாப்பா.

“கை வச்சிருக்கா பாரு,” என்றார் அவர். அவள் கையை எடுத்து, பெடலை மிதித்து, திரையின் ஓரத்தைத் தாண்டிப் போகும்வரை அண்ணன் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.