பெருக்கல் குறி போட்ட பாதை

வரைபடப் பிரிவில் எல்லோருக்கும் அவள் பென்சிலக்கா. கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். மேசைக்குக் கணினி வந்து பல வருஷமாகியும் அந்தப் பென்சில் இறங்கவில்லை. சில நாள் அதையே மேசை முழுக்கத் தேடுவாள். பக்கத்து மேசைக்காரர்கள் வாய் திறக்காமல் வேடிக்கை பார்ப்பார்கள். கை தற்செயலாகத் தலைக்குப் போனதும் முதலில் சிரிப்பவளும் அவள்தான்.

அமைச்சகத்தின் பின்பக்கக் கட்டடத்தில் மூன்றாவது மாடி. எட்டு மேசைகள், கட்டில் அகலத்துக்கு ஓர் அச்சு இயந்திரம், ஒழுகும் ஏசி, அதன் கீழே ஒரு நீல வாளி. நாட்டின் எல்லைக் கோடுகள் அத்தனையும் அந்த அறையிலிருந்துதான் புறப்பட்டுப் போகும். இருபத்தெட்டு வருஷமாக அவற்றை வரைந்தவள் ஒரு தடவைகூட எல்லையைக் கண்ணால் பார்த்ததில்லை. களப்பணிக்கு அனுப்பச் சொல்லிப் பதினொரு முறை விண்ணப்பம் கொடுத்திருந்தாள். பதினொரு முறையும் ஒரே வரிதான் பதில்: 'களத்தில் பெண்களுக்குத் தங்கும் வசதி இல்லை.' அவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த ஆண்கள் பூட்ஸ் மாட்டிக்கொண்டு போய், மலை வெயிலில் கறுத்துத் திரும்பி வந்து, அவளுக்கே மேலதிகாரி ஆனார்கள். இப்போதைய இயக்குநரும் அப்படி வந்தவர்தான். கெட்டவர் என்று சொல்ல முடியாது. பெண்கள்மேல் அவருக்கு ரொம்ப அக்கறை. அந்த அக்கறையிலேயே யாரையும் வாசலைத் தாண்ட விடமாட்டார்.

வீட்டில் அவளும் நாத்தனாரும்தான். கணவன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு முன்பே கைம்பெண்ணாகி, பள்ளிக்கூடம் போகிற ஒரே மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தவள் நாத்தனார். அந்தப் பையனை இரண்டு பேருமாகத்தான் வளர்த்தார்கள். பெற்றவள் திட்ட, அத்தைக்காரி தட்டில் போட, அவன் ஆறடிக்கு வளர்ந்து ராணுவத்தில் சேர்ந்தான். எட்டு மாதமாக எல்லைக் காவல்.

அந்த எல்லையில் ஒன்பது வருஷமாகச் சண்டையும் ஓய்வும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. ஒருவழியாக இரண்டு நாட்டுத் தலைகளும் உட்கார்ந்து பேசி, கோடு நெடுக முள்வேலி போடுவதென்று முடிவு செய்தார்கள். ஆள் நடமாட்டம் உள்ள பாதையில் கதவு வைப்பது, நடமாட்டம் இல்லாத பாதையை மூடிவிடுவது. வரைபடத்தில் முன்னதற்குப் புள்ளிக் கோடு, பின்னதற்குப் பெருக்கல் குறி. எந்தக் குறியும் ரோந்து அதிகாரி கையெழுத்திட்ட அறிக்கை இல்லாமல் விழாது. ரோந்துக்காரர் கண்ணில் ஆள் பட்டால் பாதை, படாவிட்டால் பெருக்கல். அடுத்த புதன்கிழமை கையெழுத்து என்று நாளும் குறித்தாகிவிட்டது.

கடைசி நகல் எடுக்கும்போதுதான் பென்சிலக்காவின் கண் ஓரிடத்தில் மாட்டியது. ஒரு மலைக் கிராமத்திலிருந்து எல்லைக் கோட்டில் உள்ள ஊற்றுக்குப் போகிற பாதை. இரண்டு நாட்டு வரைபடத்திலும் அதன்மேல் பெருக்கல் குறி. ஆனால் மேலிருந்து எடுத்த புகைப்படத்தில் அந்தப் பாதை, வகிடெடுத்த தலை மாதிரி வெளேரென்று கிடந்தது. ஆள் நடக்காத பாதையைப் புல் இரண்டு மழைக்குள் விழுங்கிவிடும். இது ஏன் விழுங்கப்படவில்லை?

இயக்குநரிடம் போய்ச் சொன்னாள். அவர் ரோந்து அறிக்கைகளை எடுத்துக் காட்டினார். மூன்று வருஷம், இருநூறு அறிக்கை, 'நடமாட்டம் இல்லை' என்று இருநூறு தடவை. எதிர்த் தரப்பும் அதையேதான் சொல்கிறது என்றார். வேறு எதிலும் ஒத்துப்போகாத இரண்டு நாடுகள் இந்த ஒன்றிலாவது ஒத்துப்போனதில் அவருக்குத் திருப்தி.

"அங்க இருக்கிற பொம்பளைங்கள யாராவது கேட்டாங்களா சார்?"

"எல்லைப் பாதுகாப்பும்மா இது. பொம்பளைங்கள எதுக்குக் கேக்கணும்?" என்றார் அவர், கோபமே இல்லாமல்.

அவள் பன்னிரண்டாவது விண்ணப்பத்தை எழுதவில்லை. அதற்கு நேரமும் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போய், நாத்தனார் முன்னால் உட்கார்ந்தாள். சிப்பாய்களின் தாயாருக்கு மாதம் ஒரு நாள் மகனைப் பார்க்க அனுமதிச் சீட்டு உண்டு. கூட ஒருவரை அழைத்துப் போகலாம்.

"ஏன், திடீர்னு மருமகன்மேல பாசம் பொங்குதோ?" என்றாள் நாத்தனார். "எட்டு மாசமா நான் கூப்பிட்டப்பல்லாம் ஆபீஸ் ஆபீஸ்னு சொன்னவதானே நீ?"

ஆனாலும் பையில் இரண்டு பேருக்கும் துணி எடுத்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காவல் முகாமின் வாசலறையில் அவனைப் பார்த்தார்கள். இளைத்திருந்தான். அம்மா கொண்டுவந்ததை எல்லாம் தின்றுகொண்டே பேசினான். வேலி வந்துவிட்டால் வேலை சுலபம் என்றான். மூடிய பாதையில் இருட்டில் யார் வந்தாலும் ஊடுருவல்காரன்தான், ஒரே ஓர் எச்சரிக்கை, பிறகு சுட வேண்டியதுதான், புதன்கிழமைக்குப் பிறகு அதுதான் உத்தரவு என்றான். சொல்லிவிட்டு விரலை நக்கினான். நாத்தனார் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். பென்சிலக்கா மட்டும் கையிலெடுத்ததைத் திரும்பப் பொட்டலத்தில் வைத்தாள்.

சிப்பாய்களின் குடும்பங்கள் தங்குகிற விடுதி கிராமத்தின் ஓரத்தில் இருந்தது. திங்கட்கிழமை பொழுது விடியுமுன் அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள். மங்கலான வெளிச்சத்தில் பெண்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். தலையிலும் இடுப்பிலும் பிளாஸ்டிக் குடங்கள், முதுகில் கேன்கள். ஒருத்தியும் பேசவில்லை. கடைசியாக வந்தவள் மார்பில் குழந்தையைக் கட்டிக்கொண்டு இரண்டு கேன் சுமந்தாள். பென்சிலக்கா ஒன்றும் கேட்காமல் ஒரு கேனை வாங்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தாள். செருப்பைத் தேடிக்கொண்டு நாத்தனாரும் ஓடி வந்தாள்.

இருபத்தெட்டு வருஷமாகத் தாளில் வரைந்த பாதை அன்றைக்குக் காலுக்கடியில் இருந்தது. அது மூன்றாவது வளைவில் இடப்பக்கம் இறங்கும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அங்கே ஒரு பாறை வழுக்கும் என்பதோ, குடத்தோடு வருகிறவள் கால் ஊன்ற யாரோ அதில் குழி செதுக்கி வைத்திருப்பார்கள் என்பதோ எந்தப் படத்திலும் இல்லை.

குழந்தைக்காரியிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தாள். ரோந்து ஒன்பது மணிக்கு வருமாம். அதற்குள் எல்லோரும் வீடு திரும்பிவிடுவார்களாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் பகலில் தண்ணீருக்குப் போன ஒரு பெண்ணை நிறுத்திச் சோதனை போட்டிருக்கிறார்கள். சோதித்தது ஆண்களின் கை. அவள் அப்புறம் தண்ணீருக்கே வரவில்லை. அன்றிலிருந்து வெளிச்சத்தில் யாரும் இந்தப் பாதையில் கால் வைப்பதில்லை.

பென்சிலக்கா அப்படியே நின்றுவிட்டாள். இருநூறு அறிக்கையும் பொய்யில்லை. பார்க்க வந்தவர்களுக்குப் பயந்துதான் பாதை காலியாகக் கிடந்திருக்கிறது.

"எம்பிள்ளை அப்படிப்பட்டவன் இல்ல," என்றாள் நாத்தனார். யாரும் அவளைக் கேட்கவில்லை.

"எல்லாப் பிள்ளையும் அப்படி இல்லதாம்மா," என்றாள் குழந்தைக்காரி. "துப்பாக்கியோட நிக்கும்போது எது எந்தப் பிள்ளைன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

வாய்க்கு வாய் பதில் வைத்திருக்கிற நாத்தனார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். யாருக்காக அழுதாள், அந்தப் பெண்களுக்காகவா, இருட்டில் அவர்களைக் குறிபார்க்கப் போகிற தன் மகனுக்காகவா, அவளுக்கே தெரிந்திருக்காது.

ஊற்றின் தொட்டி விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டைக் கல் இருந்தது. ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை. எல்லோரும் நிரப்பி முடித்ததும் கடைசியாக நின்றவள் அதை வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி திருப்பி வைத்தாள். எதற்கு என்று கேட்டபோது எதிர்ச் சரிவைக் காட்டினாள். அங்கே புதர்களுக்குப் பின்னால் குடங்களோடு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நாட்டுப் பெண்கள். வெள்ளைக் கல்லைப் பார்த்ததும் எழுந்து இறங்கி வந்தார்கள். அவர்கள் எடுத்து முடித்ததும் கறுப்பாகத் திருப்பி வைப்பார்களாம். ஒன்பது வருஷத்தில் குண்டு விழுந்த நாட்கள் தவிர மற்ற எல்லா நாளும் அந்தக் கல் புரண்டிருக்கிறது. ஒருவர் முறையை மற்றவர் ஒருநாளும் பறித்ததில்லை.

திரும்பி வந்ததும் பென்சிலக்கா கொண்டையிலிருந்து பென்சிலை உருவினாள். அன்று காலை தண்ணீர் எடுத்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து ஒரு தாளில் பெயர் எழுதினார்கள், அல்லது ரேகை வைத்தார்கள். முப்பத்தெட்டு பேர்.

செவ்வாய்க்கிழமை அந்தத் தாளை இயக்குநர் வாங்கிப் பார்த்துவிட்டு, மரியாதையாகவே திருப்பிக் கொடுத்தார். ரோந்து அதிகாரி கையெழுத்து இல்லாத எதுவும் ஆதாரமில்லை என்றார். பழைய படமே போனது.

புதன்கிழமை, பேச்சுவார்த்தைக் கூடம். நீள மேசையைச் சுற்றிப் பதினெட்டு நாற்காலி, பதினெட்டிலும் ஆண்கள். வரைபடக் குழலைப் பிடித்துக்கொண்டு பென்சிலக்கா சுவரோரம் நின்றாள். எதிர்ச் சுவரில் அந்த நாட்டு வரைபடக்காரர், வழுக்கைத் தலையும் தடித்த கண்ணாடியுமாக. அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கையெழுத்துக்கு முன்னால் படத்தை வரைந்தவர் தன் வாயால் 'சரிபார்க்கப்பட்டது' என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல். எத்தனையோ மேசைகளின் ஓரத்தில் நின்று அவள் அதைச் சொல்லியிருக்கிறாள். யாரும் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

வழுக்கைத் தலைக்காரர் தன் சொல்லைச் சொன்னார். மேசை நடுவில் இருந்த இந்தத் தரப்பு ஜெனரல் பேனா மூடியைக் கழற்றிவிட்டு அவள் பக்கம் லேசாகத் தலையசைத்தார்.

அவள் பேசவில்லை.

பேனாவோடு கை நின்றது. இயக்குநரின் முகம் வெளுத்தது. வேலை போனால் வாடகை வீட்டில் இரண்டு பெண்கள் என்ன செய்வார்கள் என்று அவளுக்குள் ஒரு நினைப்பு ஓடியது. காலரைச் சரிசெய்த அந்த விரல்கள் கண்முன் வந்தன. மார்போடு குழந்தையைக் கட்டியிருந்தவளும் வந்தாள்.

"சரிபார்க்கலைங்க ஐயா," என்றாள்.

ஜெனரல் நிமிர்ந்தார். அத்தனை வருஷத்தில் அவள் முகத்தை அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்ன தப்பு என்று கேட்டார். அவள் மேசைக்கு வந்து புகைப்படத்தை விரித்தாள். ஒன்பது மணி ரோந்தைச் சொன்னாள், சோதனையைச் சொன்னாள், கல்லைச் சொன்னாள். குரல் ஒரே ஓர் இடத்தில்தான் உடைந்தது.

"நாளைக்கு இருட்டுல சுடப்போறது உங்க சிப்பாய், ஐயா. அதுல ஒருத்தன் நான் வளர்த்த பிள்ளை. தண்ணிக் குடத்தைச் சுட்டுட்டு அவன் எப்படி வீட்டுக்கு வந்து சாப்பிடுவான்?"

யாரோ ஆதாரம் என்ன என்று கேட்டார். முப்பத்தெட்டு பேரின் தாளை மேசைமேல் வைத்தாள். அது செல்லாது என்று இயக்குநர் தொடங்குவதற்குள், எதிர்ச் சுவரிலிருந்த வழுக்கைத் தலைக்காரர் தானாகவே நடந்து வந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புகைப்படத்தின் மேல் குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"பாதையோட கோடு இருக்கு," என்றார். "நானும் சரிபார்க்கலை."

கையெழுத்து இரண்டு நாள் தள்ளிப்போனது. வியாழக்கிழமை காலை ஐந்து மணிக்கு, துப்பாக்கி இல்லாமல், ராணுவ மருத்துவமனையின் செவிலியர்கள் நான்கு பேரை இரு தரப்பிலிருந்தும் எண்ணிக்கைக்கு அனுப்பினார்கள். பெண் அதிகாரி என்று அனுப்ப இரண்டு படையிலும் அந்த மலையில் வேறு ஆள் இல்லை. தகவல் வரும்வரை பென்சிலக்கா நீல வாளியின் பக்கத்தில் நின்று, சொட்டு விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டரைக்குத் தொலைபேசி வந்தது. இந்தப் பக்கம் நாற்பத்தொன்று, அந்தப் பக்கம் இருபத்தாறு.

வெள்ளிக்கிழமை போட்ட கையெழுத்தில் அந்தப் பாதையில் பெருக்கல் குறி இல்லை. வேலியில் கதவு, அது திறக்கும் நேரம் பெண்கள் சொன்ன நேரம், சோதனை தேவைப்பட்டால் பெண் சிப்பாய் மட்டும், கதவை மேற்பார்வையிடும் குழுவில் இரு கிராமத்திலிருந்தும் இரண்டிரண்டு பெண்கள், சுவரோரம் அல்ல, மேசையில். எல்லைக் கோட்டில் இன்னும் பதின்மூன்று பெருக்கல் குறிகள் இருந்தன. அத்தனையையும் அந்தந்த ஊர்ப் பெண்களைக் கேட்டு மறுபடி பார்க்க வேண்டும் என்று ஜெனரல் எழுதிவிட்டார்.

அனுமதியின்றி எல்லைப் பகுதியில் தகவல் சேகரித்ததற்காகப் பென்சிலக்காவுக்கு ஒரு மெமோ வந்தது. அதை யாரும் திரும்பப் பெறவில்லை. மேசைக் கண்ணாடிக்கு அடியில், அந்தப் பதினொரு பதில்களுக்குப் பக்கத்தில் அவள் அதைச் செருகி வைத்தாள். அடுத்த வாரம் இயக்குநர் அவள் மேசைக்கு வந்து, ஒரு தாளை நீட்டிவிட்டு நிமிராமல் போய்விட்டார். பதின்மூன்று இடங்களுக்கும் களப்பணி உத்தரவு. அவளோடு பிரிவிலிருந்த இரண்டு இளம்பெண்களும். கடைசி வரியில், பெண்களுக்குத் தனிக் கூடாரம் ஒன்று வாங்கப்பட்டிருப்பதாக எழுதியிருந்தது.

கிளம்புகிற காலையில் அவள் புது பூட்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொண்டது. நாத்தனார் முணுமுணுத்துக்கொண்டே வந்து கீழே உட்கார்ந்து, கயிற்றை இழுத்துக் கட்டினாள்.

"அம்பத்துநாலு வயசுல பூட்ஸ் கேக்குதோ?"

"இறுக்கமா இருக்கு அண்ணி."

"இருக்கட்டும். மலையில அவுந்து தொலைக்கப் போகுது." இரண்டாவது முடிச்சையும் போட்டாள். "அவன் நேத்து போன் பண்ணான். இப்ப விடிகாலையில அவன்தான் கதவைத் திறக்கிறானாம். முதல் நாள் ஒருத்தியும் அவன் முகத்தைப் பாக்கலையாம். நேத்து அவன் யாரு பிள்ளைன்னு தெரிஞ்சு அந்தக் குழந்தைக்காரி நின்னு, உங்க அத்தை எங்கேன்னு கேட்டாளாம்."

"என்ன சொன்னான்?"

"வர்றாங்கன்னு சொல்லியிருக்கான். எந்திரி, பஸ் போயிடும்."

பென்சிலக்கா எழுந்தாள். வாசல்வரை போனவள் நின்று பையைத் துழாவினாள், மேசையைப் பார்த்தாள், ஜன்னலோரம் பார்த்தாள். நாத்தனார் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள். பிறகு கையை நீட்டி, அவள் கொண்டையிலிருந்த பென்சிலை இன்னும் கொஞ்சம் ஆழமாகச் செருகிவிட்டாள்.