பாலு அண்ணன் குறைத்துப் போட்ட ரேட்

பாலு அண்ணன் போய்விட்டார்.

நேற்று சாயங்காலம். பழங்காநத்தத்தில் ஒரு பீரோ கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், நெஞ்சு வலிக்கிறது என்று ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான். ஐம்பத்திரண்டு வயது...

மதுரை கே.கே. நகரில் எங்கள் ஷோரூமுக்கு, டிவியில் மாட்டி ஆடுகிற கேம் கன்சோல் வாங்க வந்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். தடிமனான கண்ணாடி, எப்போதும் இன் பண்ணிய சட்டை. ஆறு வருஷம் அவரும் நானும் ஒரே கவுண்டர்.

அவருக்குக் கேம் ஆடவே வராது. கார் ரேஸ் போட்டுக் காட்டச் சொன்னால் முதல் வளைவிலேயே சுவரில் முட்டி நிற்பார். "மாப்ள, இந்த வண்டிக்கு பிரேக்கே வைக்கலடா" என்பார். வாங்க வந்தவர்கள் சிரித்துவிடுவார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் வாங்கிக்கொண்டுதான் போவார்கள்.

போன வருஷம் ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு டேப்லெட் வந்தது. கடைக்கு வருகிற எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். "இந்த கன்சோலுக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பீர்கள்?" பெயர், போன் நம்பர், தொகை. இதை வைத்துத்தான் இனிமேல் ரேட் போடுவோம் என்று மீட்டிங்கில் சொன்னார்கள்.

அண்ணன் எல்லோரிடமும் கேட்டார். ஆனால் அவர்கள் சொன்னதைப் போடவில்லை. நாற்பதாயிரம் என்று சொன்னால் இருபத்தைந்து என்று போட்டார்.

"மதுரைக்காரய்ங்க இம்புட்டுதான் குடுப்பாய்ங்கன்னு தெரிஞ்சா கம்பெனிக்காரய்ங்களே கொறப்பாய்ங்க மாப்ள. கொறைக்காம எங்க போவாய்ங்க?"

ஒரு ஊர், ஒரு கவுண்டர், ஒரு மனுஷன்... எனக்குச் சிரிப்புதான் வந்தது.

ஒருநாள் ஒத்தக்கடையிலிருந்து ஒரு அக்கா வந்தார். காலேஜ் கேன்டீனில் வேலை. அவர் வீட்டுக்காரர் லாரி டிரைவர். விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய், ஒரு வருஷமாகக் கட்டில்தான்.

"டிவில லாரி ஓட்டுற கேம் ஒண்ணு இருக்காமே சார். அத மட்டும் கேக்குறாரு. வேற ஒண்ணுமே கேக்குறதில்ல" என்றார்.

நான் டேப்லெட்டை எடுத்து, அதிகபட்சம் எவ்வளவு என்று கேட்டேன். அந்த அக்கா காதைத் தொட்டுப் பார்த்தார். "எம்புட்டு ஆனாலும் சரி சார். தோட்டக் கழட்டித் தாரேன்."

பாலு அண்ணன் என் கையிலிருந்து டேப்லெட்டை வாங்கினார். இருபதாயிரம் என்று போட்டார். "தோடு காதுலயே கெடக்கட்டும். இப்ப வாங்காதீங்கக்கா. ரேட்டு கொறையும். கொறஞ்ச அன்னிக்கு நானே கூப்புடுறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பில் போடத் தயாராக வந்தவரை!

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த மாதம் ஏரியா மேனேஜர் வந்தார். உன் கவுண்டரில் மட்டும் தொகை ஏன் இப்படிப் பாதாளத்தில் கிடக்கிறது என்று என்னைத்தான் எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். கவுண்டர் இன்சார்ஜ் நான். பயந்துவிட்டேன். எல்லாம் பாலு அண்ணன் போட்டது என்று சொல்லிவிட்டேன். அந்த அக்கா பெயருக்கு நேரே அவர் போட்ட இருபதாயிரத்தைக் கூட எடுத்துக் காட்டினேன்.

அந்த வாரமே அவரை அனுப்பிவிட்டார்கள். போகும்போது என் தோளைத் தட்டிவிட்டு, "வாரேன் மாப்ள" என்றார். காட்டிக் கொடுத்தது நான்தான் என்று அவருக்குத் தெரியுமா? இன்றுவரை எனக்குத் தெரியாது. இனிமேல் தெரியவும் போவதில்லை...

போன வியாழக்கிழமை அவரிடமிருந்து ஒரு மெசேஜ். பஸ்ஸில் போகும்போது எங்கள் கடை வாசலில் ஆஃபர் பேனரைப் பார்த்திருக்கிறார்.

"பாத்தியா மாப்ள. கொறச்சுட்டாய்ங்க. நான் சொன்னேன்ல. அந்த ஒத்தக்கடை அக்காவுக்கு ஒரு போன் போட்ரு. நம்பர் டேப்லெட்லதான் கெடக்கும்."

அது ஸ்டாக் தீர்க்கிற ஆஃபர். புது மாடல் வரப்போகிறது, இதைவிடக் கூடின விலையில். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? என்ன பதில் போடுவது என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டேன். நான் படித்துவிட்டேன் என்று ப்ளூ டிக் மட்டும் போயிருக்கும்.

அந்த அக்காவுக்கும் போன் போடவில்லை. எந்த முகத்தோடு போடுவது?

இன்று காலை அண்ணன் வீட்டுக்குப் போனேன். தெருமுனையிலேயே ரொம்ப நேரம் நின்றேன். உள்ளே போனதும் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மெசேஜு வந்துருச்சான்னு போனப் போனப் பாத்துக்கிட்டே இருந்தாருய்யா" என்று அழுதார். நான் மாலையைக் கூட ஒழுங்காகப் போடவில்லை. வெளியே ஓடி வந்துவிட்டேன்.

அங்கிருந்து நேராகக் கடைக்குப் போய் நம்பரை எடுத்துக் கூப்பிட்டேன். அந்த அக்காதான் எடுத்தார். விலை குறைந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான் என்றேன்.

"அந்தக் கண்ணாடி போட்ட அண்ணே கூப்புடுவாருன்னுதான் சார் இத்தன நாளா இருந்தோம். அவரு கையாலதான் வாங்கணும்னு இவரும் சொல்லிக்கிட்டே இருக்காரு. ஞாயித்துக்கெழம அண்ணே இருப்பாருல்ல?"

இருப்பாருக்கா, வாங்க என்று சொல்லிவிட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்... எனக்கே தெரியவில்லை. ஆட்டோ பிடித்து, வீட்டுக்காரரையும் தூக்கி உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு வருகிறார்களாம். நான் அந்தக் கவுண்டரில் நிற்க வேண்டும்.

அண்ணே, உங்க மெசேஜைப் பார்த்தேன்.

ஆமாண்ணே. கொறச்சுட்டாய்ங்க. நீங்க சொன்ன மாதிரியே.

போயிட்டு வாங்கண்ணே...