மடியில் உட்காரும் ஏழாம் வகுப்பு

மகளோடு படப்பையில் ஷேர் ஆட்டோ ஏறினேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார். "பாப்பாவ மடில குந்த வச்சுக்கம்மா, இன்னும் ஒரு ஆளு ஏறணும்."

பாப்பா ஏழாம் வகுப்பு. டர்னர் சிண்ட்ரோம், பெண் குழந்தைகளின் உயரத்தைத் தடுக்கும் பிறவிக் குறை. மூன்று வருடமாகத் தினமும் வளர்ச்சி ஊசி.

வழக்கமாக இதைக் கேட்டதும் தனி சீட்டு கேட்டுச் சண்டை பிடிப்பேன். இந்த ரூட்டில் பாதி டிரைவர்களுக்கு என்னைத் தெரியும்.

இன்று செக்கப் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். உயரம் நன்றாக ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். நான் சிரித்து முடிப்பதற்குள் எக்கோ ரிப்போர்ட்டை எடுத்தார்.

"இதயத்துலேர்ந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாய் கொஞ்சம் அகலமா இருக்கு. டர்னர் உள்ள பொண்ணுங்களுக்கு இது வரலாம். ஊசி தொடரட்டும். ஆறு மாசத்துல மறுபடி பாக்கலாம்."

அழுகை வரவில்லை. மதிய ஷிஃப்டுக்கு வரமாட்டேன் என்று சூப்பர்வைசருக்கு மெசேஜ் மட்டும் போட்டேன்.

ஆட்டோவில் அவளை மடியில் வைத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் கால் தரையைத் தொடுகிறது. அவள் நெஞ்சு துடிப்பது என் கையில் தெரிந்தது. ஒரகடம் வரும்வரை கையை எடுக்கவில்லை.

"இன்னாம்மா, இன்னிக்கு சண்ட போடலியா?"

"இன்னிக்கு லீவு."

இந்த ரூட் டிரைவர் அண்ணன்கள் யாராவது படித்தால்: இன்று ஒரு நாள்தான். நாளையிலிருந்து அவளுக்குத் தனி சீட்டு.