அப்பாவின் 'அவ'

எங்கள் அப்பா பருத்தித்துறையில் பிறந்து, கப்பல் இயந்திரம் திருத்தப் பழகி, அகதியாக லண்டனுக்கு வந்து, டூட்டிங்கில் எங்களை வளர்த்து ஆளாக்கி, சென்ற ஆண்டு கண்ணை மூடினார். இதுவரை எழுதியதில் யாருக்கும் சந்தேகம் இராது. இனி எழுதப்போவதில் அம்மாவுக்கு இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமைகளில் அப்பா முகம் வழித்து, சேர்ட் அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு புறப்படுவார். கேட்டால், "வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குத் தொண்டுக்குப் போறன்" என்பார். திரும்பும்போது நெற்றியில் திருநீறு இராது. சட்டையில் மெஷின் ஒயில் மணக்கும்.

"எந்த அம்மனுக்கடி ஒயிலாலை அபிஷேகம்?" என்று அம்மா என்னிடம் கேட்டார்.

ஒருநாள் லண்டனின் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் இருக்கும் சிநேகிதரோடு அப்பா போனில் கதைத்தது அம்மாவின் காதில் விழுந்தது. "அவவுக்கு வயசு போட்டுது. எண்டாலும் வடிவு குறையேல்லை. குளிருக்கை தனிய விடேலாது."

அவ்வளவுதான். வீட்டில் அன்று அடுப்பு மூட்டவில்லை. அடுத்த சனி அப்பாவின் பின்னால் போகச் சொல்லி அம்மா என்னை அனுப்பினார்.

அந்த 'அவ' தேம்ஸ் ஆற்றில் கட்டிக் கிடந்தா. பழைய கரையோரக் காவல் போர்க்கப்பல். நீல ஓவரோலோடு நின்ற அப்பா என்னைக் கண்டு திடுக்கிட்டார். பிறகு, பார்வையாளருக்குச் சொல்வதுபோல எனக்கும் அவவின் வரலாற்றைச் சொன்னார். துறைமுக வாசலைக் காக்கக் கட்டினார்களாம். உலகப் போரில் சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போனாவாம். பின்பு மாலுமிகளுக்குப் பயிற்சி. கடைசியில் இரும்புக்கு உடைக்க இருந்தவவைச் சிலர் மீட்டு, சனம் வந்து பார்க்க வைத்திருக்கிறார்களாம். அப்பாவின் சனிக்கிழமைத் தொண்டு அவவின் இயந்திரத்துக்குத்தான்.

"அம்மாட்டைச் சொல்லாதை," என்றார். காரணம் எனக்குத் தெரியும். அம்மாவின் தம்பி யுத்தகாலத்தில் படகேறித் திரும்பாதவர். போர்க்கப்பல் எந்த நாட்டுடையதானாலும் அம்மாவுக்கு ஆகாது.

ஆனால் வேறு பெண் என்று அம்மா அழுவதைப் பொறுக்காமல் சொல்லிவிட்டேன். அம்மா அழுகையை நிறுத்தினார், சந்தேகத்தை அல்ல. "பொம்பிளை எண்டாலும் பரவாயில்லை. இவ எத்தினை பேரைக் கடலிலை தாட்டாவோ?"

"சுட்டவதான், இல்லையெண்டு சொல்லேல்லை," என்றார் அப்பா. "ஆனா உடைஞ்ச கப்பலுகளிலை இருந்தவையைத் தண்ணிக்குள்ளாலை தூக்கினவ. அதுக்காகத்தான் போறன்."

"நல்ல வக்காலத்து!" என்று அம்மா எழுந்து போனார். ஆட்களைத் தூக்கிய கதையை அப்பா இறக்கும்வரை அம்மா நம்பவில்லை.

ஆண்டுத் திவசத்துக்கு முன் அம்மா தானே போய்ப் பார்க்க வேண்டும் என்றார். பீரங்கியின் வாய்க்குள் குனிந்து பார்த்தார். பிறகு, கப்பலில் அப்பாவோடு வேலை செய்த அந்த ஃபாரஸ்ட் கேட் சிநேகிதரிடம், "தூக்கின ஆக்களை எங்கை வைச்சிருந்தவை?" என்று விசாரித்தார்.

அவர் இயந்திர அறைக்குப் பக்கத்தில் ஒரு மூலையைக் காட்டினார். "இஞ்சைதான் அக்கா. சூட்டிலை உடுப்புக் காயும். இந்த இடத்தை அண்ணை வேறை ஒருத்தரையும் துடைக்க விடமாட்டார்."

அம்மா அந்தச் சுவரில் கை வைத்துப் பார்த்தார். "தம்பியும் குளிர் தாங்கமாட்டான்," என்றார்.

அப்பாவின் நோயில் இரவு பகலாகத் துணை நின்ற உறவினருக்கும் அயலவருக்கும், இறுதிக் கிரியைகளுக்குத் தோள் கொடுத்த நண்பர்களுக்கும் எங்கள் நன்றி. அந்தக் கப்பலுக்கும் நன்றி எழுதச் சொன்னது அம்மாதான். "அவவிட்டைப் போனதை நான் மன்னிச்சிட்டன் எண்டு எழுது. அம்மன்ரை பேரிலை பொய் சொன்னதை மேலை வந்து கேக்கிறன்."